கொஞ்சம் முன்பாரம் வேண்டும்

பிரகாஷுக்கு,

உன் பெயர் இது இல்லை என்பது நம் தெருவுக்கே தெரியும். நாலு பேர் படிக்கும்படி உனக்கு ஒரு கடிதம் எழுதப்போகிறேன் என்று நேற்று போனில் சொன்னபோது, "எழுது சித்தி, ஆனா என் பேர மாத்திடு" என்றாய். ஒன்பதாம் வகுப்பில் உன் சைக்கிளில் தினமும் காற்றைப் பிடுங்கிவிட்டானே, அவன் பெயரை உனக்கு வைத்திருக்கிறேன். பொறுத்துக்கொள். நேரில் பேசினால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று உனக்குத் தெரியும். எழுதினால் முடித்துவிடுவேன்.

நேற்றுக் காலை கடையைத் திறந்து, சாமி படத்துக்குப் பூ வைத்துவிட்டு, பில் போடும் இடத்தில் உட்கார்ந்தபோது நீ அனுப்பிய படம் வந்தது. சக்லேஷ்புரம் மலையிறங்கி, அடிவாரத்தில் ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தியிருக்கிறீர்கள். லாவண்யா பக்கவாட்டில் நின்று எடுத்திருக்கிறாள். முன்னால் ஜீப். அதன் பின்னால் கொக்கியில் பூட்டியபடி, நீங்கள் இரண்டு பேரும் சமைத்து, படுத்து, சண்டை போடும் அந்தச் சக்கரம் வைத்த சின்ன வீடு. வேறு யார் பார்த்தாலும் பின்னாலிருக்கும் மலையைத்தான் பார்ப்பார்கள். நான் பார்த்தது வீட்டின் அடியிலுள்ள இரும்புச் சட்டத்தை. முன்பக்கம் தூக்கியிருக்கிறதா, பின்பக்கம் அமுங்கியிருக்கிறதா என்று. கண்ணை நம்பாமல், ரவிக்கைத் துணி அளக்கும் மீட்டர் கோலை எடுத்து செல்போன் திரைமேல் வைத்துப் பார்த்தேன். புடவை மடிக்கும் செல்வி, "இன்னாக்கா, போன்ல பொடவ அளந்துக்கினு இருக்குற?" என்றாள். சட்டம் கோலோடு ஒட்டி நின்றது. அந்த நிம்மதியில், பட்டுப்புடவை வாங்க முதலில் வந்தவரிடம் பேரம் கூடப் பேசாமல் சிரித்தேன். அவர் சந்தேகப்பட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார்.

நான் இந்த வீட்டுக்கு வந்தபோது உனக்குப் பதின்மூன்று வயது, எனக்கு இருபத்திரண்டு. உன் அம்மா போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. நம் வயதுக்கு நாம் அக்கா தம்பி போலத்தான் இருந்தோம். பஸ் ஸ்டாண்டில் ஒரு கண்டக்டர் அப்படியே சொல்லியும்விட்டார். நீ அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. உன்னிடம் எதையும் கேட்கக் கூடாது என்று எனக்கு நானே ஒரு முடிவு செய்துகொண்டது அன்றைக்குத்தான். தண்ணீர் தூக்கிக் கொடு என்று சொல்ல மாட்டேன், கடைக்குப் போ என்று சொல்ல மாட்டேன், எனக்கு ஒன்று என்றால் உன்னிடம் சொல்ல மாட்டேன். அம்மா இல்லாத பையன்மேல் நானும் ஒரு சுமையாக ஏறி உட்கார வேண்டாம் என்று நினைத்தேன். அது நல்ல குணம் என்றே வெகுகாலம் நம்பினேன். படித்த புத்தகங்களிலெல்லாம் கொடுமைக்காரச் சித்திகளையே பார்த்திருந்ததால், எந்தத் தொந்தரவும் தராத சித்தியாக இருந்தால் போதும் என்று எனக்குத் தோன்றியிருக்கும்.

நீ பாலிடெக்னிக்கில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த சமயம் எனக்கு டெங்கு வந்தது நினைவிருக்கிறதா? நான் அரசு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். பிறந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று உன்னிடம் சொல்லும்படி உன் அப்பாவிடம் சொல்லியிருந்தேன். கடைசிப் பரீட்சை முடிந்து வரும் வழியில் யாரோ ஷேர் ஆட்டோக்காரர் உன்னிடம் "சித்திக்கு இப்ப எப்டிப்பா இருக்குது?" என்று கேட்டுவிட்டார். நீ வார்டுக்குள் வந்து, கட்டில் கால்மாட்டில் நின்று, "நான் யாரு ஒனக்கு? நம்ம வூட்ல வாடகைக்கு இருக்கறவனா?" என்றாய். பக்கத்துக் கட்டில் அம்மா திரும்பிப் படுத்துக்கொண்டாள். உன் கோபத்துக்கு நான் தப்பான அர்த்தம் எடுத்துக்கொண்டேன். விஷயத்தை இன்னும் நன்றாக மறைத்திருக்க வேண்டும் என்றுதான் அன்று எனக்குத் தோன்றியது.

இப்போது வண்டிக்கு வருகிறேன். நீயும் லாவண்யாவும் இரண்டு வீட்டுச் சண்டையும் ஓய்ந்தபின், மண்டபம் வேண்டாம், கோயிலில் மாலை மாற்றிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்புகிறோம் என்றபோது எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். உன் அப்பா மட்டும் அந்தச் சக்கர வீடு தயாராகிக்கொண்டிருந்த பட்டறைக்குத் தினமும் போய்வந்தார். ஐயம்பேட்டைக்கும் காஞ்சிபுரத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிற மனிதர், பட்டறை வாசலில் பயணிகளை உட்காரவைத்துவிட்டு உள்ளே போய்ப் பார்ப்பாராம். "ரெண்டு நிமிசம்மா, புள்ள வூடு கட்டிக்கினு இருக்குறான்" என்று சொல்லி. பெட்டி தயாரானதும், அதை ஜீப்போடு எப்படிப் பூட்டுவது என்பதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அதில் அவருக்கு யாரையும் கேட்கத் தேவையிருக்கவில்லை. அவருடைய அப்பா, உன் தாத்தா, அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு இருந்து, அடுத்தவர் மாட்டையும் வண்டியையும் ஓட்டியவர். நுகத்தடி மாட்டின் கழுத்தில் பூப்போல உட்கார வேண்டும் என்று கேட்டே வளர்ந்தவர் உன் அப்பா. பாரத்தை முன்னால் ஏற்றினால் மாடு நோகும். அதனால் தண்ணீர்த் தொட்டி, கேஸ் சிலிண்டர், பேட்டரி எல்லாவற்றையும் அச்சுக்குப் பின்னால் தள்ளி வைக்கச் சொன்னார். மாட்டுவண்டி முன்பக்கம் நிமிர்ந்து நிற்குமே, அதுபோல இதுவும் நிற்க வேண்டும் என்று ஜீப்பின் கொக்கியையும் உயர்த்தி மாட்டச் சொன்னார்.

வண்டி வீட்டு வாசலுக்கு வந்த அன்று தெருவே கூடியது. உன் அப்பா கொக்கியைக் கழற்றி, வீட்டின் முன்மூக்கை ஒற்றை விரலால் தூக்கிக் காட்டினார். "பாரு. இம்மாம் பெரிய வூடு. ஒரு வெரலு." பார்த்தவர்கள் கை தட்டினார்கள். எதிர்வீட்டு மனோகர், "அப்ப ஜீப்பு எதுக்குணா, நீயே வெரல்ல இழுத்துனு போயிடேன்" என்றான். அப்பாவின் முகத்தை நீ பார்த்தாய். கட்டின வீட்டுக்குள் முதல் முறை கால் வைக்கிறவர் முகம் போல இருந்தது.

எனக்கு எதையாவது படிக்காமல் இருக்க முடியாது. கடையில் கூட்டமில்லாத நேரத்தில் இந்த மாதிரி வண்டிகளைப் பற்றித் தேடிப் படித்தேன். வண்டியின் மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கொக்கியின்மேல் அழுந்த வேண்டும். ஒற்றை விரலில் தூக்க முடிந்தால் அது பெருமைப்படும் விஷயம் இல்லை, அபாயம். கொக்கி உயரமாக இருந்தால் மூக்கு தூக்கிக்கொண்டு பாரம் இன்னும் பின்னால் சரியும். பின்னால் கனத்த வண்டி, மெதுவாகப் போகும்வரை சாதுவாக வரும். வேகம் கூடினால் வால் போல ஆடத் தொடங்கும். ஆட்டம் முற்றினால் இழுக்கிற வண்டியையும் சேர்த்துக் கவிழ்க்கும். நீங்கள் போகப்போவது மலைச் சாலையில்.

இதைப் படித்த அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உன் அப்பாவின் விரலை நினைத்தேன். புதிதாக வந்த மருமகள் எதிரே அவர் அப்பாவின் வண்டி ஞானத்தைத் தப்பு என்று எப்படிச் சொல்வது? சித்தி ஊர் சுற்றப் போகவிடாமல் ஏதோ சாக்குச் சொல்கிறாள் என்று நீ நினைத்துவிட்டால்? பட்டறைக்காரர்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிடப் போகிறது? இப்படியே ஒரு வாரம் ஓடிவிட்டது. கிளம்பும் நாள் நெருங்கிவிட்டது. திருமுக்கூடல்வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று நீ சொன்னபோது, அங்கே எப்படியாவது தெரிந்துவிடும் என்று நினைத்துப் பேசாமல் ஆட்டோவில் ஏறினேன். நீங்கள் இரண்டு பேரும் ஜீப்பில் முன்னால். நானும் அப்பாவும் பின்னால் ஆட்டோவில்.

வாலாஜாபாத் தாண்டியதும் சாலை அகலமாக இருந்ததால் நீ வேகமெடுத்தாய். எங்கள் ஆட்டோ பின்தங்கியது. அப்போது ஒரு ஜல்லி லாரி எங்களைத் தாண்டி, உங்களையும் தாண்டியது. அது உங்களை உரசினாற்போல் போன காற்றில் வீட்டின் பின்பக்கம் இடப்பக்கம் ஒதுங்கியது. பிறகு வலப்பக்கம். பிறகு இன்னும் அகலமாக இடப்பக்கம். வீடு ஆட ஆட, ஜீப்பின் பின்புறத்தையும் கூடவே பிடித்து உலுக்கியது. எதிரே ஒரு பஸ். உன் அப்பா, "டேய், டேய்" என்று ஆட்டோவுக்குள்ளிருந்து கத்தினார். நீ பிரேக்கை மிதிக்கவில்லை. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்திருக்கிறாய். ஆட்டம் மெல்லக் குறைந்து, ஒரு புளியமரத்தடியில் நின்றாய். பஸ் டிரைவர் எதையோ சொல்லித் திட்டிக்கொண்டு போனார். நீங்கள் இரண்டு பேரும் இறங்குவதைப் பார்த்தபின்தான் ஆட்டோக் கம்பியை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன் என்று தெரிந்தது. உள்ளங்கையில் அதன் தடம் மதியம்வரை இருந்தது.

திருமுக்கூடலில் ஆற்றோரம் நிழலில் உட்கார்ந்து எலுமிச்சம்பழச் சாதத்தைப் பிரித்தோம். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

"காத்துமா. லாரி போச்சுன்னா என் ஆட்டோவே ஆடும்" என்றார் உன் அப்பா.

"மெதுவா போனா ஒண்ணும் ஆவாதுப்பா. நான் பாத்துக்கறேன்" என்றாய் நீ. உன் முகத்தில் ரத்தமே இல்லை.

நான் சாதத்தைக் கீழே வைத்தேன். "காத்து இல்ல. வண்டி பின்பாரமா இருக்குது. கொக்கியும் ரொம்ப ஒசரம்."

உன் அப்பா என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் இருக்கிறது. கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதில் அதிகம். "பின்பாரமா? நான் பூட்டின வண்டியா? எங்கப்பன் வாழ்நாள் பூரா வண்டி ஓட்டனான். நீ பொடவைக்கு பில்லு போட்டுக்கினு..." என்றவர் மேலே போகாமல் நிறுத்திக்கொண்டார்.

"மாடு நடந்து போவுதுங்க. அதுக்குக் கழுத்து நோவும். அதனால பாரத்த பாத்துப் பாத்து ஏத்தனாங்க. ஜீப்புக்குக் கழுத்து இரும்பு. அது பறந்துக்கினு போவுது. முன்னால அழுத்தம் இல்லன்னா பின்னால இருக்கறது அது இஷ்டத்துக்கு ஆடும். காலைல பாத்தீங்க இல்ல? இதோட மலை ஏறினா புள்ளைங்க திரும்பி வராதுங்க."

கடைசி வாக்கியத்தைச் சொல்ல நினைக்கவில்லை. தானாக வந்துவிட்டது. லாவண்யாதான் தொடங்கினாள். "மாமா, எங்க வூட்ல தறியில பாவு நூலு தளராம இருக்க கல்லு கட்டித் தொங்க விடுவாங்க. பாவம், நூலுக்குக் கனமா இருக்குதேன்னு கல்ல அவுத்துட்டா பாவு தொளதொளன்னு ஆயிடும். அத்த சொல்றதும் அதுதான்."

"தறியும் வண்டியும் ஒண்ணாமா?"

"ரெண்டயும் ஓட்டறதுன்னுதான மாமா சொல்றோம்."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்ததை மறைக்க ஆற்றுப்பக்கம் திரும்பிக்கொண்டார். நீ மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"எத்தன நாளா தெரியும் ஒனக்கு?"

"ஒரு வாரமா."

"ஒரு வாரமா தெரிஞ்சிக்கினு, எங்கள ரோட்டுல உட்டுட்டு பின்னாலயே வந்தியா?"

ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால்மாட்டில் நின்ற அதே பையன். "தப்புதான்" என்றேன். நீ எழுந்து போய்த் தண்ணீர்த் தொட்டியின் குழாயைத் திறந்துவிட்டாய். தண்ணீர் மணலில் ஓடியது. பின்னாலிருந்த சிலிண்டர், பேட்டரி, அரிசிப் பை எல்லாவற்றையும் நீயும் லாவண்யாவும் முன்பக்கத்துக்கு மாற்றினீர்கள். உன் அப்பா உதவிக்கு வரவில்லை, தடுக்கவும் இல்லை. திரும்பும்போது இன்னொரு லாரி தாண்டியது. வீடு லேசாகச் சிலிர்த்ததோடு சரி.

மறுநாள் காலை உன் அப்பாவைக் காணவில்லை. சவாரிக்குப் போயிருக்கிறார் என்று நினைத்தோம். திரும்பி வந்தபோது ஆட்டோவில் பழைய பேப்பர் கடையின் பெரிய தராசும், அதைக் கட்டிப்பிடித்தபடி கடைக்கார பாயும் இருந்தார்கள். "தராச தனியா அனுப்ப மாட்டேன்னுட்டேன்மா, அது எங்க போவுதோ அங்க நானும்" என்றார் பாய். உன் அப்பா என்னைப் பார்க்காமல் உன்னிடம், "எவ்ளோ அழுந்தணும்னு சொல்றா உங்க சித்தி?" என்று கேட்டார். நான் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தேன். "கேட்டு சொல்லுப்பா" என்றார். நீ என்னிடம் கேட்டாய். நான் உன்னிடம் சொன்னேன். நீ அவரிடம் சொன்னாய். பாய் மூன்று பேரையும் மாறிமாறிப் பார்த்தார்.

மட்டமான தரை வேண்டும் என்று நான் சொன்னபோது எல்லோரும் யோசித்தோம். நம் தெரு சாக்கடையைப் பார்த்துச் சரிகிறது. காலி மனையெல்லாம் மேடுபள்ளம். அப்போதும் வழி சொன்னது அவர்தான். "தேரடிக்கு போலாம். தேர் நிக்கற எடம் மட்டமா இல்லன்னா தேர் தானா உருண்டுடும் இல்ல?" அதனால் வெயில் ஏறுவதற்குள் தேர் நிற்கும் கொட்டகைக்குப் பக்கத்துச் சிமெண்ட் தளத்தில் நம் வீட்டைக் கொண்டுபோய் நிறுத்தினோம். பூக்கட்டும் அம்மா ஒருத்தி, "இன்னாபா இது, புதுத் தேரா? சாமிய எங்க காணோம்?" என்றாள். "சாமி இன்னும் பல்லு வெளக்கல ஆயா" என்று லாவண்யா உள்ளிருந்தே குரல் கொடுத்தாள்.

அன்று செய்ததை நீ மறக்க மாட்டாய். இருந்தாலும் எழுதிவைக்கிறேன், வேறு யாராவது படித்தால் உதவும். முதலில் வண்டியில் பயணத்துக்கு என்னென்ன ஏற்றுவீர்களோ எல்லாவற்றையும் ஏற்றினோம். காலி வண்டியை அளந்து பயனில்லை. டயர்களில் காற்றைச் சரிபார்த்தோம். பிறகு வீட்டைத் தனியாக நிறுத்தி, முன்னாலிருக்கும் சின்னச் சக்கரத்தின் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி, அடிச்சட்டத்தின்மேல் வைத்த கொத்தனாரின் ரசமட்டத்தில் குமிழ் நடுவில் வரும்வரை ஏற்றி இறக்கினோம். அந்த நிலையில், ஜீப்பின் கொக்கி உருண்டையைக் கவ்வுகிற, வீட்டு மூக்கிலுள்ள கிண்ணம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்தோம். ஜீப்பிலும் சாமான்களை ஏற்றி, நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்தபின் உருண்டையின் உச்சியை அளந்தோம். அது கிண்ணத்தைவிட நாலு விரற்கடை உயரமாக இருந்தது. உருண்டையைத் தாங்கும் வளைந்த இரும்பைக் கழற்றி, தலைகீழாகத் திருப்பி மாட்டியதும் கீழே இறங்கியது. மறுபடி பூட்டினோம். வீட்டின் கனத்தில் ஜீப்பின் பின்பக்கம் கொஞ்சம் அமுங்கும் என்பதால் பூட்டியபின் ரசமட்டத்தை இன்னொரு முறை வைத்துப் பார்த்தோம். குமிழ் ஒரு மயிரிழை தள்ளி நின்றது. மூக்கு துளி தாழ்ந்திருக்கலாம், தூக்கியிருக்கத்தான் கூடாது என்று சொன்னேன். இந்த முறை உன் அப்பா நேராக என்னைப் பார்த்தே கேட்டார், "இது போதுமாம்மா?"

கடைசியாகத் தராசு. வீட்டை மறுபடி கழற்றி, கிண்ணத்துக்கு அடியில் ஒரு கட்டை வைத்து, கட்டையைத் தராசின்மேல் வைத்து, மூக்கின் கனத்தை அதில் இறக்கினோம். முள் நிற்க வேண்டிய இடத்தில் பாதிகூடப் போகவில்லை. தண்ணீர்த் தொட்டியை அச்சுக்கு முன்னால் நகர்த்தி, சிலிண்டரை இன்னும் முன்னால் கட்டிலடியில் தள்ளி, நீ வாங்கிவைத்திருந்த அந்தத் தேவையில்லாத இரும்பு அடுப்பை மூக்குப்பக்கம் வைத்ததும் முள் சரியான இடத்துக்கு வந்தது. பாய் குனிந்து பார்த்து, "சபாஷ். இத்தன நாளு பேப்பர் நிறுத்ததுல இப்பிடி ஒரு சரக்கு வரல" என்றார். உன் அப்பா முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார். "மாடா இருந்தா செத்துடும்மா" என்றார் மெதுவாக.

டீ குடிக்கும்போதுதான் அவர் சொன்னார். இத்தனை வருடத்தில் என்னிடம்கூடச் சொல்லாதது. உன் தாத்தா ஓட்டிய வண்டியில் இடப்பக்கத்து மாட்டுக்குக் கழுத்தில் புண். வண்டிக்குச் சொந்தக்காரர், அறுப்பு முடிகிறவரை மாட்டை அவிழ்க்கக் கூடாது என்றுவிட்டார். கூலிக்காரர் என்ன சொல்ல முடியும்? சின்னப் பையனான உன் அப்பா, வண்டி கிளம்பும் முன்னால் ஓடிப்போய் மூட்டைகளை ஒவ்வொன்றாகப் பின்னால் தள்ளுவாராம், நுகத்தடி லேசாகட்டும் என்று. வண்டிக்குப் பின்னாலேயே நடந்து போவாராம், புண்ணில் ஈ உட்காருகிறதா என்று பார்த்துக்கொண்டு. "அது என்னத் திரும்பித் திரும்பிப் பாக்கும்மா" என்றார். நீ அவர் டம்ளரை வாங்கி, இன்னொரு டீ சொன்னாய். அப்போது எனக்குப் புரிந்தது. அவர் அந்தக் கொக்கியைப் பெருமைக்காக உயர்த்தவில்லை. நோகக் கூடாது என்ற ஒரே நினைப்பில் உயர்த்தியிருக்கிறார். அந்த நினைப்பில்தான் உங்கள் இரண்டு பேரையும் இழந்திருப்போம்.

நானும் அவரும் இந்த விஷயத்தில் ஒரே மாதிரி ஆட்கள்தான் என்று அன்று டீக்கடையில் தோன்றியது. உன்மேல் பாரம் விழக் கூடாது என்று நானும் பதினாலு வருடமாக ஒவ்வொன்றாகப் பின்னால் தள்ளி வைத்துக்கொண்டே வந்திருக்கிறேன். உனக்குக் கழுத்து வலிக்கவில்லை. ஆனால் பின்னால் யார் வருகிறார்கள், வருகிறார்களா இல்லையா என்பதே உனக்குத் தெரியாமல் போயிற்று. லாவண்யாவோடு நீ அப்படி இருக்காதே. கால் வலிக்கிறது என்றால் சொல். பயமாக இருக்கிறது என்றாலும் சொல். அவள் வீட்டில் பேசும் தெலுங்கு உனக்குப் புரியாமல் தனியாக உட்கார்ந்திருப்பதாகத் தோன்றினால் அதையும் சொல். அவளைத் தாங்க வேண்டும் என்று நினைக்கிறாய், நல்லது. அவள் உன்னைத் தாங்குவதற்கும் கொஞ்சம் கனம் கொடு. ரொம்ப நல்லவனாக, எதுவும் தேவைப்படாதவனாக இருக்கிற புருஷனோடு குடித்தனம் நடத்துவது கஷ்டம். அவளே சண்டை போட்டுக் கேட்கிற ஆள்தான், எனக்குத் தெரியும். இருந்தாலும் எல்லாவற்றுக்கும் அவளே சண்டையைத் தொடங்க வேண்டும் என்று வைக்காதே. அப்புறம், தண்ணீர்த் தொட்டி காலியானால் மூக்கின் கனம் மாறும். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் இறங்கிப் போய்ப் பார். இறக்கத்தில் கியரைக் குறைத்தே இறங்கு. வாழ்க்கையைப் பற்றிச் சொல்லும்போதே கியரைப் பற்றியும் சொல்கிறேன் என்று லாவண்யா சிரிப்பாள். சிரிக்கட்டும்.

நேற்று அந்தப் படத்தைப் பார்த்துக் கோலைக் கீழே வைத்ததும், யோசிப்பதற்குள் உன்னை அழைத்துவிட்டேன். யோசித்திருந்தால் அழைத்திருக்க மாட்டேன். பித்தப்பையில் கல் இருக்கிறது, எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிக் கொஞ்ச காலம் ஆகிறது. பயப்படுகிற விஷயம் இல்லை, வயிற்றில் சின்னச் சின்னத் துளை போட்டு எடுத்து, சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். நீங்கள் கிளம்பும்போது சொல்லாமல் விட்டேன். ஊர் சுற்றித் திரும்பிய பிறகும், எல்லாம் முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். உன் அப்பாவிடமும் அப்படியே சொல்லிவைத்திருந்தேன். போனில் இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

"இத ஏன் கெளம்பறதுக்கு முன்னாடி சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ போயிருக்க மாட்ட."

"போயிருக்க மாட்டேன்தான்." பிறகு, "அதுக்கு?" என்றாய்.

லாவண்யா பின்னாலிருந்து "இன்னா, இன்னாவாம்?" என்று கேட்பது கேட்டது. நீ அவளிடம் சொன்னாய். அவள் போனைப் பிடுங்கி, "அத்த, நீங்க வாயத் தொறந்ததே பெரிசு, அதுக்கே உங்களுக்கு ஒரு மால போடணும்" என்று சொல்லிவிட்டு உன்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"எப்பன்னு சொல்லு சித்தி. கோவாவப் பாத்துட்டு நேரா திரும்பிடறோம். ஆஸ்பத்திரில நான்தான் கூட இருப்பேன். அப்பா வேணாம், அவர் டாக்டருக்கு முன்னாடியே அழுதுடுவாரு."

வழக்கமாக நான் சொல்லும் பதில் நாக்கு நுனிவரை வந்தது. "எதுக்குப்பா உனக்கு சிரமம், நாங்க பாத்துக்கறோம்" என்று. செல்வி இரண்டு புடவைகளை மடித்து வைத்துவிட்டு மூன்றாவதை எடுத்துக்கொண்டிருந்தாள். தெருவில் ஒரு மினி பஸ் ஹாரன் அடித்தது.

"சரி, வா" என்றேன்.

சித்தி